மீனம்பாக்கம் வரும்வரை வாயைத் திறக்காதே

அக்காவின் நோட்டில் அந்தச் சனிக்கிழமைக்கான பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் என் பெயரின் முதல் எழுத்து, வலப்பக்கம் 'மத்தவங்க'. ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு குச்சி, ஐந்தாவது குச்சி குறுக்கே. இடப்பக்கம் தோட்டத்துக்கு வேலி கட்டியது போலக் குச்சிகள் நெருக்கமாக நின்றன. வலப்பக்கம் அங்கொன்றும் இங்கொன்றும்.

"எண்ணிப் பாரு தம்பி" என்றார்.

எண்ணினேன். 90 நிமிடப் பட்டறையில் 71 நிமிடம் நான் பேசியிருந்தேன். மீதி 19இல் 'ஏசியைக் கொஞ்சம் குறைங்க'வும், 'ஸ்லைடு அனுப்புவீங்களா'வும் அடக்கம்.

இது நடந்தது 2015இல், தரமணியில், ஒரு நண்பரின் அலுவலகம் சனிக்கிழமைக்கு மட்டும் இரவல் கொடுத்த கூடத்தில். 24 பேர் வந்திருந்தார்கள். கடைசியில் கைதட்டினார்கள். கருத்துச் சீட்டுகளில் 'சூப்பர்', 'நல்லா இருந்தது', 'லஞ்ச் சீக்கிரம் விட்டிருக்கலாம்' என்று எழுதியிருந்தார்கள். நான் மிதந்துகொண்டிருந்தேன். அக்காவின் நோட்டைப் பார்த்ததும் தரைக்கு வந்துவிட்டேன்.

நாங்கள் மென்பொருள் சோதனைக்காரர்கள், மென்பொருளில் பிழை தேடுவதுதான் வேலை. சென்னையில் எங்களைப் போல ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள், அதில் ஒரு சின்னக் கூட்டம் மாதம் ஒருமுறை கூடும். தலைவர், செயலாளர், சந்தா எதுவும் கிடையாது. யார் அலுவலகத்தில் கூடம் கிடைக்கிறதோ அங்கே கூடுவோம்: ஒரு மாதம் கிண்டி, ஒரு மாதம் பெருங்குடி. டீக்காசு பங்கு. ஆரம்பத்தில் யாராவது முன்னால் நின்று பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். நான் அங்கே நன்றாகப் பேசுகிறவன் என்று பெயர் எடுத்திருந்தேன். அப்படிப் பேசத் தெரிந்தவனுக்குப் பட்டறை நடத்தவா தெரியாது என்ற நினைப்பில்தான் தரமணிக்குப் போனேன்.

பட்டறை என்ற சொல்லை நாம் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறோம்! கொல்லன் பட்டறைக்குப் போகிறவன் நாற்காலியில் உட்கார்ந்து இரும்பைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்பதில்லை. வந்த முதல் நாளே துருத்தியை ஊதச் சொல்வார்கள். என் பட்டறையில் துருத்தியும் என்னிடம், சுத்தியலும் என்னிடம், இரும்பும் என்னிடம். வந்தவர்களுக்கு வெக்கை மட்டும்தான்.

அதை நடத்துகிறவருக்குத் தமிழில் என்ன பெயர் என்று எங்களுக்குள் ஒரு தகராறே நடந்தது. ஆசிரியர் பயிற்சிகளில் 'கருத்தாளர்' என்பார்கள். ஆனால் அந்தச் சொல்லிலேயே கருத்து முழுவதும் அவரிடம்தான் இருக்கிறது என்ற தொனி வந்துவிடுகிறது. 'ஒருங்கிணைப்பாளர்' என்றால் சாப்பாட்டுக்குச் சொல்லி வைப்பவர் என்று ஆகிவிட்டது. 'ஃபெசிலிடேட்டர்' என்று அப்படியே சொன்னால் பாதிப் பேருக்கு நாக்கு புரளவில்லை. கடைசியில் யாரோ 'நடத்துனர்' என்றார். கூடமே சிரித்தது, நம் ஊரில் நடத்துனர் என்றால் பஸ் கண்டக்டர்தானே. எனக்கு மட்டும் அது பிடித்துப்போயிற்று. வண்டியை ஓட்டுவது அவர் இல்லை. எங்கே இறங்குவது என்று முடிவு செய்வதும் அவர் இல்லை. 'படியில நிக்காதீங்க, உள்ள வாங்க' என்று கத்துவது, பின்வாசலில் யாராவது ஏறுகிறாரா என்று பார்ப்பது, பார்த்த பிறகு விசில் கொடுப்பது, இவைதான் அவர் வேலை. இன்றைக்கும் எங்கள் கூட்டத்தில் 'இந்த மாசம் யார் கண்டக்டர்?' என்றுதான் கேட்டுக்கொள்கிறோம்.

தரமணிக்குப் பிறகு அடுத்த எட்டு மாதம் நான் எதையும் நடத்தவில்லை. அக்காவோடு கூடமாட நின்றேன், அவ்வளவுதான். அவர் எனக்கு எட்டு வயது மூத்தவர். சோதனைக் குழு ஒன்றை நடத்திவிட்டு, வேலையை விட்டுப் பயிற்சிக்கு வந்தவர். என்னை முதலில் அனுப்பியது பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு, சார்ட் பேப்பர் வாங்க. கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே பேப்பர்க் கடைகளில் ஏறி இறங்கி, எந்தக் கடை சார்ட்டில் ஸ்கெட்ச் மை மறுபக்கம் இறங்காது என்று கண்டுபிடிக்க இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. இது ஒரு வேலையா என்று அப்போது எரிச்சல். மை இறங்கி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியாமல் போய், 'விடுங்க, அப்புறம் பார்க்கலாம்' என்று ஒரு நல்ல யோசனை செத்துப்போனதை ஒருமுறை பார்த்த பிறகு எரிச்சல் போய்விட்டது.

ஒட்டுச்சீட்டும் (போஸ்ட்-இட்) அப்படித்தான். 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968இல் கண்டுபிடித்த அந்தப் பலவீனமான பசையை வைத்து என்ன செய்வது என்று வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. அதே நிறுவனத்து ஆர்ட் ஃப்ரை தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் அடையாளம் வைக்கச் சீட்டு தேடியபோதுதான் அதற்கு ஒரு வேலை கிடைத்தது. 1980இல் அது அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. சென்னையில் அதற்கு இன்னொரு எதிரி உண்டு, மின்விசிறி. நாம் சீட்டைக் கீழிருந்து மேலாகக் கிழிப்போம். பசைப் பகுதி சுருண்டுகொள்ளும், சுவரில் ஒட்டினால் கீழ்விளிம்பு வெளியே தூக்கி நிற்கும். விசிறி சுற்ற ஆரம்பித்ததும் முற்பகல் முழுவதும் எழுதியது சருகாகத் தரையில் கிடக்கும். பக்கவாட்டில் இழுத்துக் கிழித்தால் சுருளாது. இதை அக்கா எனக்குச் சொல்லவில்லை. நான் ஒருமுறை சீட்டுகளை மண்டியிட்டுப் பொறுக்கும்வரை காத்திருந்துவிட்டு, பக்கத்தில் வந்து ஒரு சீட்டைக் கிழித்துக் காட்டினார். சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். பொறுக்கியதால் மறக்கவில்லை.

சரி, பேசாமல் இருப்பது எப்படி? அதுதான் எனக்குப் பெரிய பாடு.

கேள்வி கேட்டால் பதில் வராது. வராத அந்த நேரம் எனக்கு மாமனார் வீட்டு ஹால் மாதிரி இருக்கும், யாராவது எதையாவது பேசித் தொலைக்க மாட்டார்களா என்று. கடைசியில் நானே பதிலைச் சொல்லிவிடுவேன். மேரி பட் ரோ என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள். அதை 3 விநாடியாக ஆக்கினாலே மாணவர்களின் பதில் நீள்கிறது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். 3 விநாடிதானே என்று தோன்றும். கேள்வி கேட்டுவிட்டு 20 முகங்களுக்கு முன்னால் நின்று பாருங்கள், 3 விநாடியில் ஒரு சீரியல் எபிசோடு ஓடிவிடும்.

அக்கா ஒரு தந்திரம் சொன்னார். "மனசுக்குள்ள எதையாவது எண்ணு. ஆனா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணாத, அது ஓடிடும்."

நான் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் ஏழு வருடம் போய்வந்தவன். அதனால் ஸ்டேஷன்களை எண்ண ஆரம்பித்தேன். கேள்வியைக் கேட்டதும் தாம்பரம். அப்புறம் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம். ஸ்டேஷனுக்கு ஒரு விநாடி. ரோ சொன்ன 3 விநாடி என் கணக்கில் குரோம்பேட்டை. நம் ஆட்களுக்குக் குரோம்பேட்டை போதாது என்பது என் அனுபவம். முதலில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும், மேனேஜர் இருக்கிறாரா என்று திரும்ப வேண்டும், ஆங்கிலத்தில் சொல்வதா தமிழில் சொல்வதா என்று தீர்மானிக்க வேண்டும், தொண்டையைக் கனைக்க வேண்டும். மீனம்பாக்கம் தாண்டுவதற்குள் பெரும்பாலும் யாராவது வாயைத் திறந்துவிடுவார்கள். ஒரே ஒருமுறை எழும்பூர் வரை போனேன். அன்றைக்குக் கேள்வியே தப்பு என்று அப்புறம் தெரிந்தது.

எண்ணுவதில் இன்னொரு லாபம், கை சும்மா இருக்காமல் மார்க்கர் மூடியைத் திறந்து மூடும் பழக்கம் நின்றுபோயிற்று.

வாயை மூடிவிட்டால் போதுமா என்றால் இல்லை. பேசாமல் நிற்பவனுக்குச் செய்ய வேறு வேலை இருக்க வேண்டும், வந்தவர்களுக்கும்தான். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு கட்டு விளக்குமாறு.

எங்கள் தொழிலில் பழைய கணக்கு ஒன்று உண்டு. கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979இல் போட்டது. ஒரு நிரல், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம், மூன்று முழு எண்களை வாங்கிக்கொள்கிறது. அவை ஒரு முக்கோணத்தின் பக்கங்கள். மூன்றும் சமமா, இரண்டு மட்டும் சமமா, மூன்றும் வேறுவேறா என்று சொல்ல வேண்டும். இதைச் சோதிக்க என்னென்ன எண்களைக் கொடுத்துப் பார்ப்பாய் என்பது கேள்வி. சரிபார்க்க அவர் 14 கேள்விகள் வைத்திருந்தார். தேர்ந்த நிரலாளர்களே சராசரியாக 7.8தான் எடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். தரமணியில் நான் இந்தக் கணக்கைத்தான் கொடுத்தேன். ஐந்து நிமிடம் யோசிக்கவிட்டு, 14ஐயும் வரிசையாகத் திரையில் போட்டு விளக்கினேன். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போனில் தூங்குவதற்கு இன்னொரு படம்.

அடுத்த தடவை எனக்கு இது வாய்த்தபோது ஸ்லைடு வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். என்ன செய்வது என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி தென்னந்துடைப்பத்தால் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஒரு கைப்பிடி ஈர்க்குச்சி உருவினேன். (வசவு கிடைத்தது. புதுத் துடைப்பம் வாங்கிக் கொடுத்தேன்.) அளந்து வெட்டினேன்: 5, 7, 7 ஒரு கவர், 5, 5, 5 ஒரு கவர், 5, 7, 12 ஒரு கவர், 4, 5, 12 ஒரு கவர். எல்லாம் சென்டிமீட்டர். மேசைக்கு நான்கு கவர். 'இதை வைத்து முக்கோணம் செய்யுங்கள், செய்யும்போது என்ன தோன்றுகிறதோ எழுதுங்கள்' என்று மட்டும் சொன்னேன்.

முதலில் எல்லோருக்கும் சிரிப்பு. அப்புறம் குனிந்தார்கள். நான் நகர்ந்துபோய்ச் சுவர் ஓரம் நின்றுகொண்டேன். கடைசி மேசையில் விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருவன், கல்லூரி முடித்து ஒரு வருடம்கூட ஆகாதவன், மூன்று கூட்டத்துக்கு வந்து ஒரு வார்த்தை பேசாதவன், 5, 7, 12ஐ வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினான். 12ஐக் கீழே வைத்து மற்ற இரண்டையும் மேலே தூக்கப் பார்க்கிறான். முனைகள் சேரவேண்டும் என்றால் இரண்டும் கீழே இறங்கி 12இன் மேல் படுத்துக்கொள்கின்றன. தூக்கினால் முனை விலகிவிடுகிறது.

"அண்ணா, இது படுத்துக்குது" என்றான்.

மேசையே எட்டிப் பார்த்தது. "படுத்துக்கிச்சுன்னா முக்கோணம் இல்லையா?" "மூணு பக்கம் இருக்கே!" "பரப்பளவு எங்கே இருக்கு?" ஐந்தும் ஏழும் கூட்டினால் பன்னிரண்டு, அதுதான் படுத்துவிட்டது என்று இன்னொரு பெண் கண்டுபிடித்தார். அப்போ நிரலில் 5, 7, 12 கொடுத்தால் என்ன சொல்லும்? 'வேறுவேறு பக்கம்' என்று சொல்லிவிட்டால் அது பிழை. 12, 5, 7 என்று மாற்றிக் கொடுத்தால்? 4, 5, 12 கவர் கிடைத்ததும், "இது படுக்கக்கூட இல்ல, நடுவுல பாலமே உடைஞ்சுடுச்சு" என்றார்கள். திரையில் நான் வாசித்தபோது யாருக்கும் ஒட்டாத வரிகள் எல்லாம் மேசை மேல் குச்சிகளாகக் கிடந்தன.

அதைவிடப் பெரிய வேடிக்கை முன்வரிசையில் நடந்தது. அவர்களுடைய ஒரு கவரில் இரண்டு குச்சிதான் இருந்தது. ராத்திரி 11 மணிக்கு வெட்டியதில் என் தப்பு. எனக்குத் திக்கென்றது, ஓடிப்போய்க் கொடுக்கலாம் என்று கிளம்பினேன். அதற்குள் அந்த மேசையில் ஒருவர் சார்ட்டில் எழுதிவிட்டார்: 'மூன்று எண்களுக்குப் பதில் இரண்டு மட்டும் வந்தால்?' மையர்ஸின் பட்டியலில் அதுவும் ஒன்று. நான் தரமணியில் அதை மறக்காமல் சொன்னேன், ஒருவருக்கும் நினைவில்லை. இன்றுவரை ஒவ்வொரு தடவையும் ஒரு கவரில் வேண்டுமென்றே இரண்டு குச்சி போடுகிறேன். சில கூட்டங்களில் 'சார், ஒரு குச்சி குறையுது' என்று கையைத் தூக்குவார்கள். நான் தலையாட்டிவிட்டு மீனம்பாக்கத்துக்குக் கிளம்பிவிடுவேன்.

இந்தக் கதையைச் சின்னம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார்.

"இதைத்தானேடா நாங்க 2003லயே செஞ்சோம்."

அவர் சொன்னது செயல்வழிக் கற்றல். எம்.பி.விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது சென்னைப் பள்ளிகளில் ஆரம்பித்து, சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போனது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் பாட அட்டையை எடுத்து, அவரவர் வேகத்தில் பாடங்களை ஏணிப்படி போல ஒவ்வொன்றாக ஏறுவார்கள். சுவரின் அடிப்பகுதியில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஆசிரியரும் தரையில்.

"எங்களுக்கு என்ன கோபம் தெரியுமா? நாற்காலியை எடுத்துட்டாங்கன்னு. முட்டி வலிக்குதுன்னு சண்டை போட்டோம். ஆனா ஒண்ணு கண்ணா, தரையில உட்கார்ந்தப்புறந்தான் எவன் எழுதாம எழுதற மாதிரி நடிக்கிறான்னு தெரிஞ்சுது. நின்னுக்கிட்டு இருந்தா எல்லாத் தலையும் குனிஞ்சுதான் இருக்கும்."

நான் அவருடைய முட்டிவலியைத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். இப்போது மேசைக்குப் போனால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். நின்று எட்டிப் பார்த்தால் பேச்சு நின்றுவிடுகிறது. உட்கார்ந்தால் நான் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள்.

வெளியிலிருந்து படித்துக் கொண்டுவந்தவை எல்லாம் அப்படியே ஒட்டியதில்லை. ஹாரிசன் ஓவன் என்பவர் 1985இல் 'ஓப்பன் ஸ்பேஸ்' என்று ஒரு முறையைத் தொடங்கினார். முன்பு ஒரு வருடம் பாடுபட்டு அவர் நடத்திய மாநாட்டில் காபி இடைவேளைதான் நன்றாக இருந்தது என்று வந்தவர்கள் சொல்ல, மாநாடே காபி இடைவேளை மாதிரி இருந்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்தது. நிகழ்ச்சி நிரலை வந்தவர்களே போடுவார்கள். எங்கே நீ கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லையோ, அங்கிருந்து எழுந்து இன்னொரு குழுவுக்குப் போய்விடு என்பது அதன் விதி. கேட்கவே இனிமையாக இருந்தது. பெருங்குடியில் செய்து பார்த்தோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் பேசும்போது நடுவில் எழுவது நமக்குக் கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்முன் இலையை மூடுவது மாதிரி. கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த முறை கூடத்தின் நடுவில் டீ கேனை வைத்தோம். டீ எடுக்க எழுந்திருக்கலாம், அதில் குற்றமில்லை. எழுந்தவர் திரும்பி வந்து வேறு வட்டத்தில் உட்கார்ந்தாலும் யாரும் கேட்கவில்லை. ஓவனின் விதி சென்னையில் டம்ளரோடுதான் நடக்கும்.

'சார், மேடம் கூடாது, பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்' என்று ஒருமுறை விதி போட்டோம். அது இன்னும் மோசம். 50 வயதுக்காரரை 23 வயதுப் பெண் எப்படிப் பெயர் சொல்லி அழைப்பார்? சாரையும் விட்டுவிட்டுப் பெயரையும் சொல்லாமல், அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். விதியைத் தூக்கிவிட்டோம். இப்போது மேனேஜரையும் அவர் குழுவையும் வேறுவேறு மேசையில் போடுவதோடு சரி. அதற்கே வாசலில் சீட்டுக் குலுக்க வேண்டியிருக்கிறது.

மொழி பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். நான் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் பேசுகிறவர்கள் ஐந்தாறு பேர், எப்போதும் அதே ஐந்தாறு பேர். கேள்வியைத் தமிழில் போட்டு, பதில் எந்த மொழியில் வந்தாலும் அப்படியே சார்ட்டில் எழுதினால் போதும். 'படுத்துக்குது' என்று சொன்ன பையனின் சொல்லை நான் புத்தகச் சொல்லாக மாற்றாமல் அப்படியே எழுதினேன். அன்று மாலைவரை எல்லோரும் அந்தப் பிழையைப் 'படுத்த கேஸ்' என்றுதான் சொன்னார்கள். அவன் அதற்கப்புறம் நான்கு முறை பேசினான். அக்காவின் நோட்டில் இருக்கிறது.

தோல்விகளும் உண்டு. எல்லாவற்றையும் சொன்னால் அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள், ஒன்றை மட்டும் சொல்கிறேன். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், காசு கொடுத்துக் கூப்பிட்டது. 40 பேர். மதியம் 2 மணி. பிரியாணியும் தயிர்ச்சாதமும் சாப்பிட்டு வந்திருந்தார்கள். தூக்கத்தைக் கலைக்க, எங்கேயோ பார்த்த விளையாட்டு ஒன்றை ஆரம்பித்தேன். ஆளுக்கொரு விலங்கு, அதன் குரலில் கத்தித் தன் ஜோடியைத் தேட வேண்டும். தலை நரைத்த ஒருவர் என்னைச் சில விநாடி பார்த்தார். "தம்பி, நாளைக்கு எனக்கு சாஃப்ட்வேர் ரிலீஸ். இன்னைக்கு ராத்திரி முழுக்க இங்கதான். இப்ப நான் மாடு மாதிரி கத்தணுமா?" என்று மரியாதையாகவே கேட்டுவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் ஆறு பேர் போனார்கள்.

நிறுவனம் என்னை மறுபடி கூப்பிடவில்லை, அது நியாயம்தான். எனக்கு உறைத்தது வேறு. வருகிறவர்கள் யார், ஏன் வருகிறார்கள், மறுநாள் அவர்களுக்கு என்ன வேலை என்று நான் ஒரு போன்கூடப் போட்டுக் கேட்டிருக்கவில்லை. அவர்களுக்கு அந்த வாரம் பட்டறையே தேவைப்படவில்லை. இப்போது யார் கூப்பிட்டாலும் முன்கூட்டியே இரண்டு மூன்று பேரிடம் பேசிவிடுகிறேன். 'இந்த வாரம் வேண்டாம்' என்று நானே சொன்னதும் உண்டு.

இதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் நொந்துகொண்டிருந்தால் அத்தோடு நடத்துவதை விட்டிருப்பேன். டீக்கடைதான் காப்பாற்றியது. ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் பக்கத்து டீக்கடையில் அரைமணி நேரம் நிற்போம். நடத்தியவர்தான் முதலில் பேச வேண்டும். மற்றவர்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லலாம். 'போரடிச்சுது' என்றால் செல்லாது. '11:20க்கு ஜன்னல் பக்கம் மூணு பேர் போனை எடுத்தாங்க' என்றால் செல்லும். விலங்குக் கதையை நான் அங்கே சொன்னபோது கொஞ்ச நேரம் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஆளாளுக்குத் தன் விலங்குக் கதையை எடுத்துவிட்டார்கள். அக்காவே ஒருமுறை ஐம்பது பேர் கொண்ட கூடத்தில் கண்ணைக் கட்டி நடக்கச் சொல்லி ஒருவர் கால் சுளுக்கிக்கொண்டாராம்.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959லேயே பயிற்சியை அளக்க நான்கு படிகள் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் உண்டா. எங்கள் 'சூப்பர்' சீட்டுகள் முதல் படியோடு நின்றுவிட்டன என்று டீக்கடையில்தான் பேச்சு வந்தது. அதற்கப்புறம் மூன்று மாதம் கழித்து வந்தவர்களில் சிலருக்குப் போன் போட ஆரம்பித்தோம். 'என்ன கத்துக்கிட்டீங்க' என்று கேட்பதில்லை. 'அதுல இருந்து போன வாரம் எதையாவது செஞ்சீங்களா?' அவ்வளவுதான். பெரும்பாலும் அசடு வழியும் சிரிப்புத்தான் பதில். ஒரு பெண் மட்டும், தன் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஈர்க்குச்சி வெட்டிக் கொடுத்ததாகச் சொன்னார். "எங்க வீட்டுல துடைப்பம் இல்லண்ணா, ஊதுவத்திக் குச்சில பண்ணேன்."

2020இல் எல்லாம் திரைக்குப் போயிற்று. அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கறுப்புக் கட்டங்களோடு பேசியதுதான் நினைவிருக்கிறது. ஒன்று மட்டும் கவனித்தேன். கூடத்தில் வாய் திறக்காத சிலர் 'சாட்' எழுத்துப்பெட்டியில் பத்தி பத்தியாக எழுதினார்கள். அதனால் 2022இல் கூடத்துக்குத் திரும்பியபோது, எந்தக் கேள்விக்கும் முதலில் இரண்டு நிமிடம் எழுதச் சொல்லிவிட்டு அப்புறம்தான் பேச விடுகிறேன்.

அக்கா கோயம்புத்தூருக்குக் குடிபோனபோது நோட்டை என்னிடம் கொடுத்தார். எட்டு வருடத்துக் குச்சிகள். அதில் என் பக்கங்களைத் தேடிப் பார்த்தேன்: 71, 58, 40, 44 (அன்றைக்கு ஏதோ உற்சாகம்), 31, 26. அதற்குக் கீழே இறங்கியதில்லை. இறங்க வேண்டும் என்றும் இப்போது தோன்றவில்லை.

நோட்டோடு சேர்த்து வேலையும் வந்தது. போன வருடம் எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் முதன்முறையாக நடத்தினார். திருவான்மியூரில், 18 பேர். நான் பின்சுவரில் சாய்ந்து, கையில் நோட்டோடு நின்றேன். அவர் கேள்வி கேட்டார். எனக்குள் தாம்பரம், சானடோரியம் என்று ரயில் கிளம்பியது. அவர் பல்லாவரத்திலேயே பதிலைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை, கிண்டி வரை நின்றார். எனக்கே வாய் துறுதுறுத்தது. யாரோ பேசினார்கள், வேலை நடந்தது. கடைசியில் குச்சிகளை எண்ணினேன்: 90க்கு 37. முதல் முயற்சிக்கு இது அபாரம். டீக்கடையில் இதைச் சொல்லிப் பாராட்ட வேண்டும் என்று வாயெல்லாம் பல்லாகக் காத்திருந்தேன்.

விதிப்படி அவர்தான் முதலில் பேசினார். தன்னைப் பற்றி இரண்டு மூன்று விஷயம் சொல்லிவிட்டு, டீ கிளாஸைத் திருப்பிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அண்ணா, கண்ணால பார்த்ததைத்தான் சொல்லணும்னு சொல்லுவீங்க, சொல்றேன். நான் கேள்வி கேட்டப்போ எல்லாரும் என்னைப் பார்க்கல. ஒருத்தர் பதில் சொன்னாருன்னா, சொல்லிட்டுப் பின்னாடி திரும்பி உங்களைப் பார்க்கிறாரு. நீங்க தலையாட்டினா சரின்னு உட்கார்றாரு. நீங்க நோட்டுல ஏதாச்சும் எழுதினா அப்படியே நிறுத்திடறாங்க. அதை நான் ஆறு தடவை பார்த்தேன்."

நான் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். தலையாட்டியது நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன். மற்றவர்கள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த மாசம் நீங்க வெளியில இருங்கண்ணா" என்றார். "நோட்டை வேணும்னா என்கிட்ட குடுங்க, உள்ள யாரையாவது எழுதச் சொல்றேன்."

அடுத்த மாதம் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்த வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியில் 90 நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. 11 மணிவாக்கில் உள்ளே பெரிதாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. எதற்கு என்று தெரியவில்லை. காவலாளி வந்து, "உள்ள ப்ரோக்ராம் நடக்குது சார், லேட்டா வந்துட்டீங்களா?" என்று கேட்டார்.